போகாத இடங்களின் பட்டியல்

அப்பா சென்னைக்குப் போவதை நிறுத்தியதற்கு நாங்கள் எல்லாரும் ரயிலைத்தான் காரணம் சொன்னோம். 2012-இல் அகலப்பாதை வேலைக்காக, எங்கள் ஊர்ப்பக்கம் போகும் திருவாரூர் – காரைக்குடி மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். அதுவரை நல்லது கெட்டது எதுவானாலும் அத்தை வீட்டுக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவர், அதன்பிறகு "பஸ்ஸுல உக்காந்தா இடுப்பு புடிச்சிக்கிது" என்று சொல்ல ஆரம்பித்தார். அறுபத்தைந்து வயதுக்காரர் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போவது சிரமம்தான் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. ரயிலில் கக்கூஸ் உண்டு, பஸ்ஸில் கிடையாது. ஆறு வருஷம் கழித்து ஒரு புயல் வந்துதான் அது எங்களுக்கு உறைத்தது.

சென்னை மட்டும் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தின் கடைசி வரிசையில், ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். தாலி கட்டியதும் மொய் எழுதிவிட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். நாடியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நின்றவர், "கூட்டம் ஒத்துக்கல" என்று திண்ணையோடு இருந்துவிட்டார். சாயங்காலக் காபியை விட்டார். பொழுது சாய்ந்தால் தண்ணீரும் குடிக்கமாட்டார். தவறாமல் போனது தென்னந்தோப்புக்கு மட்டும்தான். அங்கே ஒதுங்குவதற்கு மரத்துக்குப் பஞ்சமில்லை.

ராத்திரிகளின் கதை அம்மாவுக்குத் தெரியும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தத்தில் அவள் தூக்கம் கலையும். போனவர் சீக்கிரம் வரமாட்டார். வந்து படுத்துக் கண்ணயர்ந்தால் மறுபடியும் தாழ்ப்பாள். சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை என்று வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. அப்படியானால் வயசுதான் காரணம் என்று அந்தப் பேச்சு முடிந்துபோனது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு ராத்திரி என்ன செய்தது என்பதை எங்கள் ஊர்க்காரர் எவரும் மறக்கவில்லை. முப்பது வருஷம், நாற்பது வருஷம் காய்த்த மரங்கள் வேரோடு சாய்ந்தும் இடுப்பில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கரண்ட் கம்பங்கள் மடங்கிப் போயின. மோட்டார் ஓடவில்லை, டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. அந்த நாட்களில் எங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது, விழுந்த மரங்களின் இளநீர்.

அப்பா தூறலில் நனைந்தபடி அரிவாளும் கையுமாகத் தோப்பில் நின்றார். மட்டையைக் கழிப்பதும் வழியை மறித்த மரத்தை ஒதுக்குவதுமாக, அவசரம் வந்தால்கூட அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார். தாகத்துக்கு இளநீர். ஜலதோஷம் பிடித்தது. கடைத்தெருவில் திறந்திருந்த ஒரு மருந்துக் கடையில் "சளி மாத்திர குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் எழுந்து போனவருக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

அம்மா நெருஞ்சி முள்ளைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். பக்கத்து வீட்டுச் சித்தி வாழைத்தண்டுச் சாறு பிழிந்துவந்தாள். நீர் நன்றாகப் பிரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. நீர் ஊறுவதில் அவருக்குக் குறையில்லை. வெளியே போகும் வழிதான் அடைத்திருந்தது. குடிக்கக் குடிக்க மூத்திரப்பை இன்னும் நிரம்பியது. காலை பத்து மணிக்கெல்லாம் அடிவயிறு தொப்புள் வரை புடைத்துக் கெட்டியாகிவிட்டது. தோப்பு விழுந்ததற்குக் கண் கலங்காதவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட செல்போனில் டவர் இல்லை. மோட்டார் சைக்கிளில் அப்பாவை நடுவில் வைத்து, மாமா பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, நான் ஓட்டினேன். ரோட்டில் கிடந்த மரங்களை அந்தந்த ஊர்ப் பையன்கள் அறுத்து, ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் வயிற்றை ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தார். மரப்பு ஜெல்லி தடவி, மெல்லிய ரப்பர் டியூபை உள்ளே செலுத்தினார். டியூபில் மாட்டிய பை நிரம்ப நிரம்ப அப்பாவின் முகம் தளர்ந்தது. ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. சாதாரணமாக 300, 400 மில்லி சேரும்போதே நமக்கு முட்டும்.

"இது ஆறேழு வருஷமா இருக்கு தம்பி" என்றார் அப்பா, கட்டிலில் படுத்தபடி. சொட்டுச் சொட்டாகப் போவது, வருவதற்காகக் காத்து நிற்பது, போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுவது, பாதியில் நின்று நின்று வருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

டாக்டர், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார். அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. சளி மாத்திரைகளில் வழக்கமாக இருக்கும் ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் இரண்டும் அதில் இருந்தன. முன்னது மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது, ஆனால் மூத்திரப்பையின் கழுத்தில் உள்ள தசையை இறுக்கும். பின்னது மூக்கொழுகலை நிறுத்தும், ஆனால் பை சுருங்கித் தள்ளும் வலுவைக் குறைக்கும். இளவயசுக்காரருக்கு இது உறைக்காது. ஏற்கெனவே வழி ஒடுங்கிப்போனவருக்குக் குளிரும், அடக்கிவைத்ததும், ஒரேயடியாகக் குடித்த இளநீரும் சேர்ந்தால் மிச்சமிருந்த வழியும் அடைபட்டுவிடும். புராஸ்டேட் என்ற சுரப்பி வீங்கி வழி ஒடுங்கியவர்கள் கடையில் சளி மாத்திரை வாங்கும்போது அதைச் சொல்லி வாங்க வேண்டும் என்பதை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

டியூபோடு சில நாட்கள் இருந்தார். டாம்சுலோசின் என்ற மாத்திரையை ஆரம்பித்து, அது பிடித்தபின் டியூபை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு டியூபை எடுத்தால், தானாக நீர் பிரியும் வாய்ப்பு கூடுதல். அவருக்குப் பிரிந்தது.

பிறகு தஞ்சாவூரில் ஒரு யூராலஜி டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் புராஸ்டேட் 58 கிராம் என்று வந்தது. மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. விந்தோடு கலக்கும் திரவத்தைச் சுரப்பதுதான் அதன் வேலை. வாலிப வயதில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். நாற்பதைத் தாண்டியதும் மெல்ல வளர ஆரம்பிக்கும். ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் திசு அளவில் இந்த வளர்ச்சி இருக்கும். அது வளர வளர, நடுவே போகும் குழாய் நெருக்குண்ணும்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா மேட்டூர்ல தண்ணி கெடக்கு, கடமடைக்கு வந்து சேரல, அவ்வளவுதானே" என்றார். கல்லணைக் கால்வாயின் வால் பகுதியில் தண்ணீருக்குக் காத்திருந்து நடவு நட்டவர் அவர். டாக்டர் சிரித்துவிட்டு, இங்கே தேங்கி நிற்கும் தண்ணீரும் பிரச்சினை செய்யும் என்றார். அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி மூத்திரப்பையின் தசை தடித்துப்போகும். அதனால்தான் கொஞ்சம் சேர்ந்தாலே அவசரம் வருகிறது. வருஷக்கணக்கில் விட்டால் தசை ஓய்ந்து தளர்ந்துவிடும். மிச்சம் நிற்கும் நீரில் கிருமி சேரும், கல் கட்டும், சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போகும். இன்னொன்றும் சொன்னார்: கிராமைப் பார்த்துப் பயப்படக்கூடாது. 80 கிராம் இருந்தும் தொந்தரவில்லாதவர் உண்டு, 30 கிராமில் அடைத்துக்கொள்கிறவரும் உண்டு. எந்தப் பக்கம் வளர்கிறது என்பதுதான் கணக்கு.

அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 1992-இல் உருவாக்கி, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஏழு கேள்விகள். மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போகிறீர்களா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியாமல் போகிறதா, வேகம் குறைந்திருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசு, பத்தொன்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அப்பா யோசித்து யோசித்துப் போட்டதில் பதினொன்று வந்தது. மூத்திரம் அடைத்து, டியூப் போட்டுக்கொண்டு வந்த மனிதருக்குப் பதினொன்று!

டாக்டர் தாளை ஓரமாக வைத்தார். "ஐயா, அடக்க முடியாம போறதே இல்லேன்னு போட்டிருக்கீங்க. வீட்டவிட்டு வெளிய போனாலுமா?"

"வெளிய எங்கங்க போறேன்?"

"சென்னைக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். சென்னையில் ஆரம்பித்து மண்டபத்து ஓர நாற்காலி, கோயில் திருவிழா, காபி, தண்ணீர் வரை வரிசையாகச் சொல்லி முடித்தாள். டாக்டர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

எனக்கு அந்த அறையில் புரிந்தது ஒன்றுதான். இந்த நோய் ஆளை ஒரே நாளில் படுக்கவைப்பதில்லை. அதனால் மனிதர் அதற்குத் தகுந்தபடி தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொள்கிறார். கக்கூஸ் இல்லாத இடத்துக்குப் போகாதவருக்கு அவசரம் என்று ஒன்று வராது. தண்ணீர் குடிக்காதவர் அடிக்கடி எழ வேண்டியதில்லை. கேட்டால், பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை என்பார், அது பொய்யும் இல்லை. அப்பா வயதுக்காரரிடம் நீர் எப்படிப் போகிறது என்று கேட்பதைவிட, எங்கெல்லாம் போவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டால்தான் நோயின் அளவு தெரியும். அந்தத் தாளிலும் ஏழுக்கு அப்பால் எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு. இப்போது இருப்பதுபோலவே மிச்ச காலம் முழுக்க இருக்க வேண்டுமென்றால் உங்களுக்குச் சம்மதமா என்பது அதன் சாரம். அப்பா அதை நிரப்பாமல் விட்டிருந்தார்.

சோதனைகள் நடந்தன. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பதுதான் அப்பாவை மிகவும் கூசவைத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டியாக, முடிச்சு முடிச்சாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அதில்தான் தெரியும். ரத்தத்தில் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பார்த்தார்கள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்தார்கள். புனல் வைத்த ஒரு கருவியில் நீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளந்தார்கள். விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் போனால் நல்ல வேகம், 10-க்குக் கீழே போனால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். இதற்குள் ஊரில் யாரோ கேன்சர் என்று கிளப்பிவிட்டிருந்தார்கள். இந்த வீக்கம் கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கலாம். அதனால்தான் விரலும் ரத்தமும். நீரில் ரத்தம் கண்டால் எவரும் காத்திருக்கக்கூடாது.

டாம்சுலோசினோடு ஃபினாஸ்டிரைடையும் சேர்த்தார்கள். முதலாவது தசையைத் தளர்த்தும், சில நாட்களில் பலன் தெரியும். இரண்டாவது சுரப்பியையே சுருக்கும், ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அது வந்த வழியைப் பிற்பாடு படித்தேன். டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில பிள்ளைகள் பெண் குழந்தைகளாகத் தோன்றிப் பிறந்து, பருவம் வந்ததும் ஆண்களாக வளர்ந்தார்கள். ஜூலியான் இம்பெராடோ–மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1974-இல் இதன் காரணத்தை வெளியிட்டார். ஆண் ஹார்மோனை அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையாக ஃபினாஸ்டிரைடு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மருந்து சிறிய அளவில் முடி கொட்டுவதற்கும் விற்கிறது என்று சொன்னபோது, அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு லேட்டாக் குடுத்துட்டாங்க" என்றார். 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில், இந்த இரண்டு வகை மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து 66 சதவீதம் குறைந்தது.

மாத்திரைகளுக்கும் குணம் உண்டு. டாம்சுலோசின் போட்டபின் ராத்திரி சட்டென்று எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது வீட்டுச் சட்டமானது. கண்புரை ஆபரேஷனுக்குப் போனபோது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். டாம்சுலோசின் சாப்பிட்டவருக்கு ஆபரேஷனின்போது கருவிழிப்படலம் தளர்ந்து மடியலாம் என்பது 2005-இல் கண்டறியப்பட்டது. முன்கூட்டியே தெரிந்தால் கண் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். ஃபினாஸ்டிரைடு பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். எந்த டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினாலும் அதைச் சொல்ல வேண்டும்.

மாத்திரையில் அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் கிடைத்தது. ஆனால் சென்னை கிடைக்கவில்லை. ஆபரேஷன் என்றாலே அவருக்குப் பெரியப்பாவின் நினைவு. வயிற்றைத் திறந்து எடுத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் அவர். அந்த முறையை உலகுக்குப் பரப்பிய பீட்டர் ஃப்ரேயர் என்ற ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் வட இந்தியாவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மூத்திரப்பைக் கல் எடுப்பதில் இங்கே கைதேர்ந்து, லண்டன் திரும்பி, 1900-இல் மூத்திரப்பை வழியாகப் புராஸ்டேட்டை விரலால் தோண்டி எடுத்தார். இன்று மிகப் பெரிய சுரப்பிகளுக்கு மட்டுமே வயிற்றைத் திறக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூத்திரத் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சீவி எடுக்கிறார்கள், அல்லது லேசரால் பெயர்த்து எடுக்கிறார்கள். திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டாலோ, கல் கட்டினாலோ, சிறுநீரகம் கெட ஆரம்பித்தாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடக்கூடாது. அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை. சென்னையில் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவரே டாக்டரிடம் போய், "பண்ணிடுங்க" என்றார்.

விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போகும், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று டாக்டர் முன்பே சொன்னார். "எழுவத்தஞ்சு வயசுல அத வச்சு என்னங்க பண்ணப் போறேன்" என்றார் அப்பா. ஐம்பது வயசுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை, மாத்திரையிலேயே இது நேரலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் முடிந்தது. டியூப் வழியாக உப்புத் தண்ணீர் ஓடிக் கழுவிக்கொண்டே இருந்தது. சிவப்பாக வந்த நீர் மெல்ல வெளுத்தது. டியூபை எடுத்தபின் சில வாரம் எரிச்சலும் அவசரமும் இருந்தன. கனம் தூக்கவும் முக்கவும் கூடாது என்று மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தார்கள். கல்யாணத்தில் அப்பா மேடைக்கு எதிரே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பந்தி வரை இருந்தார்.

இப்போது எனக்கே ஐம்பத்துச் சொச்சம். ராத்திரி எழ ஆரம்பித்ததும் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டு போனேன். லேசில் நின்றது. மாத்திரை எதுவும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். ராத்திரி எழுவதெல்லாம் புராஸ்டேட் இல்லை. எனக்குக் காரணம், நீரைப் பெருக்கும் பிரஷர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டது. டாக்டரிடம் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினேன். பகலில் போதுமான தண்ணீர் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துகிறேன். காபியை மதியத்தோடு முடித்துக்கொள்கிறேன். போய்விட்டு உடனே திரும்பாமல், கொஞ்சம் நின்று இன்னொரு தடவை முயல்கிறேன். இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிட்டது.

அப்பா இப்போது எங்கள் தெருமுனை டீக்கடையில் இந்த விஷயத்துக்கென்றே உட்கார்ந்திருக்கும் ஆள்போல ஆகிவிட்டார். கூச்சமெல்லாம் போய்விட்டது. போன மாதம் அவருடைய சேக்காளி ஒருவர் தும்மிக்கொண்டே வந்து, மருந்துக் கடைக்குப் போகிறேன் என்றார். அப்பா விடவில்லை.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிற?"

"வயசாச்சுல்ல, அப்பப்ப எந்திரிக்கிறதுதான்."

"திருச்சிக்கு மக வூட்டுக்கு ஏன் போறதில்ல?"

"முட்டி வலிண்ணே, பஸ்ஸு ஏற முடியல."

"முட்டி எனக்குந்தான் வலிக்கிது. சளி மாத்திர வாங்காத, ஆவி புடி. நாளைக்குக் காலைல கெளம்பி வா, டாக்டர்ட்ட போவோம்" என்றார் அப்பா. மறுநாள் இரண்டு பேரும் தஞ்சாவூர் பஸ் ஏறினார்கள்.